வாலையில் வடித்த நீர்

இரண்டு வரவேண்டிய இடத்தில் இன்றும் இரண்டரை வந்தது. நாறும்பூநாதன் தராசின் கண்ணாடிக் கதவை அறைந்து சாத்தினான்.

கோடை விடுமுறையில் கல்லூரியின் இரசாயனச் சாலை அவன் ஒருவனுக்காகவே திறந்திருந்தது. பி.ஏ. தேறி அங்கேயே உதவியாசிரியனாக அமர்ந்திருந்த அவனுக்கு, சென்னைச் சர்வகலாசாலையின் எம்.ஏ. வகுப்பில் ஓர் இடம் காத்திருந்தது. அதற்கு அங்குள்ள பேராசிரியர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். கோபால்ட்டும் அமோனியாவும் கூடிய செந்நீல உப்பைத் தன் கையாலேயே ஆக்கி, அதிலுள்ள குளோரினை அளந்து, வைகாசி முடிவதற்குள் கணக்கை அனுப்ப வேண்டும்.

ஐரோப்பாவில் அந்நாளில் எழுந்திருந்த புதுக்கொள்கையின் உரைகல் அந்த உப்பு. அதிலுள்ள மூன்று குளோரின்களில் ஒன்றை உலோகம் அடியார் நெஞ்சகலா இறைவனைப் போல இறுகப் பற்றியிருக்கும். மற்றை இரண்டும் குளிர்ந்த நீரில் விலகி நிற்கும். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை வார்த்தால், விலகி நின்ற இரண்டு மட்டுமே வெண்டயிர் போலத் திரண்டு படியும். அந்தப் படிவை நிறுத்தால் கணக்கு இரண்டு என்று வரவேண்டும். அவனுக்கோ ஒருநாள் இரண்டேகால், ஒருநாள் இரண்டரை. அளக்கத் தெரியாதவன் என்று சென்னை அவனைக் கழித்துவிடும். மாதம் முடியச் சில நாட்களே இருந்தன.

அப்போது தேவதாசன் தோளில் கண்ணாடி ஜாடியோடு படியேறி வந்தான். பாளையங்கோட்டை மிஷன் கல்லூரியில் இரசாயன உதவியாசிரியன். கிறிஸ்தவன்; இவனோடு ஒரே ஆண்டில் தேறியவன். இங்கே நீர் வடிக்கும் வாலை விரிசல் கண்டதிலிருந்து, அவனே அங்கே வடித்துத் தந்துகொண்டிருந்தான். வழக்கமாகப் பொழுது சாயும் வேளையில் தச்சநல்லூரிலுள்ள நாறும்பூநாதன் வீட்டில் ஜாடியை இறக்கிவிட்டுப் போவான். மறுநாட் காலை இவன் அதைக் கல்லூரிக்குக் கொண்டு வருவான். இன்று அவன் ஏறிய வண்டி நேரே கல்லூரி இருந்த நகருக்கு வந்ததால் இங்கேயே கொணர்ந்துவிட்டான்.

"என்னவே, மொகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?"

"உம்ம தண்ணியிலதாம்வே கோளாறு."

தேவதாசன் சிரித்தான். "நல்லாருக்கே! அடுப்படியில வெந்து வடிச்சுச் சுமந்துட்டு வாரேன். கல்யாண வீட்டுல தண்ணி ஊத்துதவனுக்குக்கூட இதைவிட மரியாதை உண்டும்."

"வெளையாடாதீரும். கொதி மிஞ்சி, வடியாத ஆத்துத் தண்ணி அப்படியே தாவி விழுந்திருக்கு. கவனிச்சுச் செய்ய முடியலேன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? உங்க ஆளுகளுக்கு இந்தச் சுத்தம் பத்தமெல்லாம்..."

வாக்கியம் பாதியில் நின்றது. தேவதாசன் முகத்திலிருந்த சிரிப்பும் நின்றது.

"எங்க ஆளுகளுக்கு? முடிச்சுச் சொல்லும்வே."

தேவதாசன் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தான். அன்று கொணர்ந்த நீரை ஒன்றிலும், முன்னே வீட்டிலிருந்து வந்த ஜாடியின் நீரை மற்றொன்றிலும் வார்த்து, இரண்டிலும் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினான். முதற்குழாய் பளிங்காய்த் தெளிந்து நின்றது. இரண்டாவதில் பால் கலந்தாற்போல் வெண்மை பரந்தது.

"இது நான் வடிச்ச தண்ணி இல்ல. உப்புச் சேந்த தண்ணி. ராத்திரி எங்கன கெடந்துச்சு?"

"எங்க வீட்டுல."

"அப்பம் அங்கன போயிக் கேளும். எங்க ஆளுகளைக் கேக்காதீரும்."

நாறும்பூநாதன் வீடு சேர்ந்தபோது, தந்தை மந்திரமூர்த்தி பிள்ளை நீறணிந்து அந்திப் பூசைக்கு அமர்ந்திருந்தார். திருமுறையை ஓதாமல் ஒருநாளும் உணவு கொள்ளாதவர் அவர்.

"அப்பா, ஜாடித் தண்ணிய மாத்துனது யாரு?"

"நாந்தான்லே." அவர் குரலில் கூச்சமே இல்லை. "வேதக்காரப் பய கைபட்ட தண்ணிய இந்த வீட்டுல வச்சிருக்கச் சொல்லுதியா? வந்தப்பல்லாம் சாக்கடையில கொட்டிட்டேன். விடியக் காலம் சிந்துபூந்துறையில முங்கி எந்திச்சு, நாலா மடிச்ச வேட்டியில வடிகட்டித்தான் நெறச்சு வச்சேன். ஒரு தூசி இருந்துச்சா? சுத்தமான தண்ணி வேணும்னுதானே சொன்னே? தாமிரவருணியவிடச் சுத்தம் எதுலே?"

"நெறச்சதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா அவன் தண்ணியத்தான் தூக்கிட்டுப் போவே."

"எட்டு வடிவா நிக்குத எம்பெருமான் நீராவும் நிக்குதான்னு தெனமும் பாடுதீங்களே அப்பா! தேவதாசன் அடுப்புல கொதிக்கும்போது மட்டும் எம்பெருமான் எந்திச்சுப் போயிட்டானா? அங்கன கொதிச்சதும் இந்த ஆத்துத் தண்ணிதான். ஆவியாப் போயி, ஆத்துல கலந்த உப்பையும் அழுக்கையும் அடியில விட்டுட்டு வந்தது. அதைச் சாக்கடையில ஊத்தினீங்களே, யாரை ஊத்தினீங்க?"

"வாய மூடுலே! ரசாயனம் படிக்கப் போனியா, அப்பனைக் கேள்வி கேக்கப் போனியா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் போச்சு. என் கையையே சந்தேகப்பட்டேன். கணக்கைச் சந்தேகப்பட்டேன். கடைசியில தோள்ல சுமந்தவனையே ஏசிட்டேன். உங்க வாயிலயிருந்து வாரது என் வாயிலயும் வந்துட்டு."

"அவன் வீட்டுப் படிய மிதிச்சா இந்தப் படிய மிதிக்கப்படாது."

"சரி." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் வெளியேறினான். பூசைமணி அவன் முதுகுக்குப் பின்னே ஒலிக்கத் தொடங்கியது. அதன் ஒவ்வோர் அடியும் அவன் சினத்தில் நெய்யாய் விழுந்தது.

பாலம் கடந்து பாளையங்கோட்டையில் தேவதாசன் வீட்டு வாயிலில் நின்றான். கதவைத் திறந்தவன் உள்ளே அழைக்கவில்லை.

"உங்கப்பா மேல கோவப்பட்டு வந்திருக்கேரு, சரி. நீரு சொன்னதுக்கு?"

"தப்பு. பெரிய தப்பு."

"தப்புதான். மன்னிச்சுட்டேம்னு சொல்லமாட்டேன். தண்ணி இனிமே உம்ம வீட்டுக்கு வராது. காலையில எங்க கல்லூரிக்கு வாரும். வாலை இருக்கு, வெறகு இருக்கு. நீரே வடியும். இப்பம் வந்து சாப்பிடும்."

மறுநாள் முதல் நாறும்பூநாதன் அந்த அடுப்பின் முன் குந்தியிருந்தான். புகையில் கண் எரிந்தது. சொட்டுச் சொட்டாய் இறங்கிய நீரை முதலில் சோதித்துத் தெளிந்தபின், உப்பைக் கரைத்தான், படியவைத்தான், உலர்த்தி நிறுத்தான். கணக்கு இரண்டு என்றது. மீண்டும் செய்தான். அப்போதும் இரண்டு. மூன்றாவது குளோரினை உலோகம் விடவேயில்லை. மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் தந்தைமேலிருந்த சினத்தில் பற்களே நெரிபட்டன.

அறிக்கையை எழுதும்போது தேவதாசன் எதிரே அமர்ந்திருந்தான்.

"முந்தி வந்த தப்புக் கணக்கையெல்லாம் என்ன செய்யப் போறேரு?"

"மறைக்கமாட்டேன்."

அவன் எழுதினான்: முந்தைய அளவுகள் பிழையானவை. வடித்த நீர் களையப்பட்டு ஆற்றுநீர் நிரப்பப்பட்டது. அதைச் செய்தவர் என் தந்தையார். வடித்தவர் கிறிஸ்தவர் என்பதே காரணம். நீரைச் சோதியாமல் நண்பரை ஐயுற்றது என் பிழை.

தேவதாசன் அதைப் படித்தான். "இதைப் பாத்து அவங்க இடம் இல்லேன்னுட்டா?"

"சொல்லட்டும். இதை நீக்கிட்டு அனுப்புத கணக்கு எனக்கு வேண்டாம்."

தேவதாசன் தாளை மடித்து உறையிலிட்டு, அரக்கை உருக்கி முத்திரை இட்டான்.

"எந்திரியும்வே. பைய நடந்தா தபாலாபீசைப் பூட்டிருவான்."