நாலு எண்ணுகிற நேரம்

பல் செட் செய்து பிழைக்கிற மனுஷனுக்கு ராக் பாட்டு எதற்கு என்று கேட்டால், அதை அவருடைய தொண்டையிடம்தான் கேட்க வேண்டும். நாளெல்லாம் மெழுகும் பிளாஸ்டருமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் வார்த்துவிட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு தோல் சட்டையை மாட்டிக்கொண்டு மேடை ஏறிவிடுவார். ஏறிவிட்டால், செத்து முப்பது வருஷமான அந்தப் பெரிய பாடகர் எழுந்து வந்த மாதிரியே இருக்கும். அதே கரகரப்பு, அதே இழுப்பு, மைக்கை இடது கையில் பிடிக்கிற அதே திமிர். குழுவில் அந்தப் பாடகருக்கு மூலவர் என்று பெயர். இவர் உற்சவர். இடத்தை விட்டு நகராத சாமிக்குப் பதிலாகத் தெருவில் வருகிற சாமி. ட்ரம்ஸ் வாசிக்கும் பஸ் டிரைவர் விளையாட்டாக வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

மூலவர் ஓஹோவென்று இருந்த காலத்தில், ஒரு அரங்கில் அவர் பாடியதை அப்படியே பதிவு செய்து இசைத்தட்டாகப் போட்டார்கள். இந்தக் குழு வாசிப்பது அதைத்தான், முதல் கைதட்டலிலிருந்து கடைசி இருமல் வரைக்கும். அதில் ஐந்தாவது பாட்டின் நடுவில் மூலவர் சட்டென்று நின்றுவிடுவார். வரி மறந்ததோ மூச்சு வாங்கியதோ, யார் கண்டது. வாத்தியங்களும் நின்றுவிடும். நாலு நொடி சத்தமே இருக்காது. அப்புறம் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், "ஏன் நின்னுட்டீங்க, பாடுங்க" என்று கத்தும். மூலவர் சிரித்துக்கொண்டே விட்ட இடத்தில் பிடிப்பார். தட்டை வைத்திருக்கிறவர்களுக்குப் பாட்டு மறந்தாலும் அந்தக் குரல் மறக்காது.

உற்சவருக்கு எப்படி மறக்கும்? அந்தக் குரலைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார்.

கதை விடவில்லை, நிஜம். தொழிலுக்கு வந்த புதிதில் ஆஸ்பத்திரிக்கு செட் கொடுக்கப் போனவர், வராந்தாவில் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் வார்டு நர்ஸ் ஒருத்தி நின்று கேட்டுவிட்டு, "அந்தத் தட்டுல கத்துறது நான்தான்" என்றாள். பத்தொன்பது வயசில் ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்துப் போனாளாம்.

"நல்லா அளக்குறீங்க" என்றார் இவர்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கத்து கத்தினாள். வரிசையில் இருந்த நோயாளிகள் இரண்டு பேர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார்கள். உற்சவர் அன்றைக்கு விழுந்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

குழு ஆரம்பித்து இருபது வருஷம் அவள் ஒரு கச்சேரி விட்டதில்லை. அரங்கின் வலதுபக்கத் தூணில் சாய்ந்து நிற்பாள். ஐந்தாவது பாட்டில் தன் வரியைத் தானே கத்துவாள். கூட்டத்துக்கு அவள் யாரென்று தெரியாது. குழுவுக்குத் தெரியும். அதில் ஒரே ஒருவருக்குத்தான் குறை. கீபோர்டு வாசிக்கிறவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒவ்வொரு பாட்டுக்கும் நொடிக்கணக்கோடு ஒரு தாள் வைத்திருப்பார்.

"அண்ணி, ரெக்கார்டுல நாலு நொடி. நீங்க ரெண்டுலயே கத்திடுறீங்க. மனசுக்குள்ள எண்ணிக்கக் கூடாதா?"

"எனக்கு எண்ண வராது, தம்பி."

அடுத்த கச்சேரியிலும் இரண்டில்தான். வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். இருபது வருஷமாக இதே கூத்து.

உற்சவருக்கு அது உறைக்கவில்லை. அவருடைய முள் வேறு. அந்தக் குரல் முதலில் கூப்பிட்டது மூலவரை. தோல் சட்டை போட்டுக்கொண்டு தான் நிற்கும்போது அவள் யாரைப் பார்த்துக் கத்துகிறாள்? சட்டையையா, உள்ளே இருக்கிற ஆளையா? ஒருமுறை வாய்விட்டே கேட்டார்.

"செத்துப் போனவர்கிட்டயா போட்டி?" என்று சிரித்தாள். இவரும் இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த இன்னொரு நாள் வாய்க்கவில்லை. ஒரு வருஷம் எட்டு மாதத்துக்கு முன்னால், மூன்றே வாரப் படுக்கையில் நர்ஸ் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் உற்சவர் மேடை ஏறவில்லை. இசைத்தட்டை உறையை விட்டு எடுக்கவில்லை. பட்டறையில் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பாட்டு தொண்டை வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வார்.

டிரைவர் வாரா வாரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கரைத்ததில் ஒரு வழியாகச் சரி என்றார். டயர் கடை மாடியில் ஒத்திகை. நாலு பாட்டு ஓடியது. ஐந்தாவதில் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது.

"பேசாம இதை விட்டுடுவோம்" என்றார் டிரைவர்.

"அந்தப் பாட்டுக்காகத்தான் கூட்டமே வருது" என்றார் வாத்தியார். கீபோர்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ரெக்கார்டுல இருந்து அண்ணி குரலை மட்டும் வெட்டி இதுல ஏத்தி வெச்சிருக்கேன். ஒரு கட்டையை அழுத்தினா வரும். நீங்க சொன்னாத்தான்."

உற்சவருக்குக் கோபம் வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஆனால் ஒரு வருஷம் எட்டு மாதமாக அந்தக் குரலுக்காகத்தானே ஏங்கிக் கிடக்கிறார். பத்தொன்பது வயசுக் குரல், இன்னொருத்தரைக் கூப்பிட்ட குரல். இருந்தாலும் அவள் குரல்.

"இப்ப போட வேண்டாம். அங்கேயே கேட்டுக்கறேன்" என்றார்.

கச்சேரி சாயங்காலம் ஐந்து மணிக்கு. அரங்கு நிறைந்திருந்தது. வலதுபக்கத் தூணில் எவனோ ஒருவன் சாய்ந்துகொண்டு கடலை கொறித்துக்கொண்டிருந்தான். அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாமா என்றிருந்தது உற்சவருக்கு. பாவம், அவனுக்கு என்ன தெரியும். முதல் நாலு பாட்டில் தொண்டை துரோகம் செய்யவில்லை. ஐந்தாவது வந்தது. அந்த இடமும் வந்தது. நின்றார். வாத்தியங்களும் நின்றன.

ஒன்று.

இரண்டு.

இருபது வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது, அடுத்த வரியை எடுப்பதற்கு. அவள் குரல் வரவில்லை. இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்து, இல்லாமல் போன மாதிரி ஆகிவிட்டது உடம்பு.

மூன்று.

இந்த மூன்றை அவருக்குத் தெரியாது. இத்தனை கச்சேரியில் ஒரு தடவைகூட இந்த இடத்தில் நின்றதில்லை. என்ன ஒரு நீளம். என்ன ஒரு தனிமை. கூட்டம் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது, கடலைத்தோல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. இதற்குள் அவரை அவள் ஒரு நாளும் விட்டதில்லை.

நாலு.

"ஏன் நின்னுட்டீங்க, பாடுங்க."

கூட்டம் கொண்டாடியது. உற்சவர் சிரிக்க வேண்டிய இடம். சிரித்தாரோ அழுதாரோ, எப்படியோ விட்ட வரியைப் பிடித்துவிட்டார். குரல் உடைந்தது. மூலவர் மாதிரியே பாடுகிறார் என்று முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முடிந்தபிறகு பின்னறையில் வாத்தியார் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இன்னைக்குத்தான் அண்ணே ரெக்கார்டுல இருக்கற மாதிரியே வந்துச்சு. நாலுன்னா நாலு."

உற்சவர் தோல் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உள்ளே பனியன் நனைந்து ஒட்டியிருந்தது.

"அடுத்த தடவை ரெண்டுல அழுத்துடா."

"ரெக்கார்டுல நாலுதானே அண்ணே?"

"அது அவருக்கு. அவரை நாலு எண்ணுற வரைக்கும் நிக்க விட்டு வேடிக்கை பார்த்தா. என்னை ரெண்டுக்கு மேல நிக்க விட அவளுக்கு மனசு வரல."

வாத்தியாருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "எண்ண வராதுன்னுல்ல அண்ணி சொன்னாங்க" என்றார், மெதுவாக.

"முப்பது வருஷம் நாடி பிடிச்சவடா அவ" என்றார் உற்சவர்.

அரை நொடிக்குக்கூட யாரிடமும் விட்டுக்கொடுக்காத வாத்தியார், பையிலிருந்து தாளை எடுத்தார். ஐந்தாவது பாட்டுக்கு நேராக இருந்த நாலை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார்.