தோள் மூட்டுக்குக் கீழே ஒரு குழி

அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில் புதைபடிவ எலும்புகளைச் சுத்தம் செய்பவள், அன்று மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டாள். அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள் நாத்தனார். தெருமுனையில் கோழிக்கடை வைத்திருப்பவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

மேசைமேல் உள்ளங்கை நீளத்தில் ஓர் எலும்பு, கடல் கடந்து வந்த ஒரு பாறையிலிருந்து பாதி வெளியே தெரிந்தது. அருகே பழைய சீட்டு: 'ஆமை, முன்கால்.'

"அண்ணி, இது ஆமையா? யார் சொன்னா?"

"எங்க இயக்குநர். ஆமையைக் கரைச்சுக் குடிச்சவரு. அடுத்த வாரம் கண்காட்சிக்குப் போகுது, நீ எதையாவது கிளப்பாதே."

"இந்தத் தோள் மூட்டுக்குக் கீழ இருக்கிற குழியைப் பாருங்க. தினமும் நூறு கோழி வெட்டுறவ நான். இது றெக்கை எலும்பு! ஆனா வண்டி ஏத்தின மாதிரி தட்டையா இருக்கே?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்த அண்ணிக்குத் திக்கென்றது. "ஓடிப்போய் ஒரு கோழி எலும்பு கொண்டா," என்றாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அதே மூட்டு, அதே குழி. உடைந்த முனையில்தான் வித்தியாசம்: கோழியுடையது குழாய் போல வெற்றாக இருந்தது, இதுவோ கிட்டத்தட்ட கெட்டி.

அண்ணி அழைத்துவந்து காட்டியபோது இயக்குநர் முதலில் சிரித்தார். "கோழிக்கடையில போய்ப் பாடம் படிக்கணுமா நான்?"

"ஒரு தடவை பாருங்க சார்," என்று உருப்பெருக்கியை அவர் முன் நகர்த்தினாள் அண்ணி.

அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது.

"பெங்குவின். பறக்கிற பறவைக்கு எலும்பு லேசா இருக்கணும். இதுக்குத் தண்ணிக்குள்ள முங்கணும், அதான் இந்தக் கனம். காலப்போக்குல றெக்கையே துடுப்பா தட்டையாயிடுச்சு." பெருமூச்சு விட்டார். "அந்தச் சீட்டை எழுதினதே நான்தான். பதினெட்டு வருஷம் ஆச்சு."

"விடுங்க சார்," என்றாள் நாத்தனார். "ஆமையும் நீந்தத்தானே செய்யுது? கிட்டத்தான் வந்திருக்கீங்க."

ஒரு நொடி முறைத்தவர், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கண்காட்சியில் எலும்பு பெங்குவினாகவே நின்றது. புதிய சீட்டில் அடையாளம் கண்டவர்கள் என்று இரண்டு பெண்களின் பெயர்களையும் இயக்குநரே போட்டார். நாத்தனார் அதைப் படம்பிடித்துக் கடையில் மாட்டிவிட்டாள். வருகிறவர்களில் பாதிப்பேர் பெங்குவின் கறி கிலோ என்ன விலை என்று கேட்கிறார்கள்.