ஒட்டிய விரல்கள்

ஐரீனின் மகள் ஜூடிக்கு இரண்டு பாதங்களிலும் நடுவிரலும் பக்கத்து விரலும் பிறவியிலேயே ஒட்டியிருந்தன. ஓட்டத்துக்கோ ஆட்டத்துக்கோ அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

துறைமுக வேலை முடிந்து ராயபுரம் வீட்டுக்கு வந்த கணவன் டெரிக், "அடுத்த வாரம் பாப்பா வெரலுக்கு ஆபரேஷன். ஆசுபத்திரில சொல்லிட்டேன்" என்றான்.

"என்னக் கேக்காமயா?"

"நாளைக்கு எவன் இவளக் கட்டுவான்?"

ஐரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள். அவளுக்கும் அதே விரல்கள்தான். "அப்போ நீ இன்னாத்துக்கு என்னக் கட்டின?"

"கல்யாணத்துக்கு அப்புறந்தானே பாத்தேன்."

"முன்னாடியே பாத்திருந்தா?"

டெரிக் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் போனை எடுத்து, தானே பேசி ஆபரேஷனை நிறுத்தினாள்.

"எனக்கு ஏம்மா ஒட்டிகினு கீது?" என்று கேட்டாள் ஜூடி.

"நீ என் பொண்ணு, அதான்" என்றாள் ஐரீன்.