கறுப்புப் பந்து ஒன்றுதான் பாக்கி

ஹெட்லி வேண்டுமென்றேதான் தவறாக அடித்தான். மேசைமேல் ரோஸ் பந்தும் கறுப்புப் பந்தும் மட்டும் மிச்சமிருந்தன. ரோஸ் பந்து குழியின் வாயில் முட்டி, வெளியே தெறித்து, மேசையின் முழு நீளத்துக்கும் ஓடி, அவன் நினைத்தும் பார்க்காத எதிர் மூலைக் குழியில் பொத்தென்று விழுந்தது. அரங்கத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். அதிர்ஷ்டத்தில் பந்து விழுந்தால் எதிராளியைப் பார்த்துக் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பது ஸ்னூக்கர் மரியாதை. ஹெட்லியும் தூக்கினான். கார்ஸ்லி கோப்பையின் சரித்திரத்திலேயே அவ்வளவு மனசாரக் கேட்ட மன்னிப்பு வேறு இருந்திருக்காது.

அந்தச் சரித்திரம் கார்ஸ்லியில் எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். முதல் வருஷம் தையற்கடை மாடியில் ஒற்றை மேசை, நாலே ஆட்டக்காரர்கள். கம்பளி மில் முதலாளியின் மனைவி வைத்திருந்த வெள்ளிப் பூச்சாடிக்கு இரண்டு பக்கமும் பிடி வைத்துப் பற்றவைத்து அதையே கோப்பை என்று கொடுத்தார்கள். சண்டைக் காலத்தில் அந்த மேசைமேல் மாவு மூட்டை அடுக்கியிருந்தார்கள். சண்டை முடிந்ததும் போட்டி நாடக அரங்குக்கு வந்தது. கலர் டிவி வந்தபின் சிகரெட் கம்பெனிக்காரன் வந்தான், அவன் போய் பீர் கம்பெனிக்காரன் வந்தான். மில்லை மூடினார்கள், சாயப்பட்டறையை மூடினார்கள், ரயிலும் நிற்காமல் போக ஆரம்பித்தது. பிப்ரவரி மாதக் கோப்பை மட்டும் நிற்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரன் வாங்கியிருக்கிறான், வேல்ஸ்காரன் வாங்கியிருக்கிறான், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருத்தன் வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். உள்ளூர்க்காரன் ஒருத்தனும் வாங்கியதில்லை.

அந்த ஊரின் ஒரே தொழில்முறை ஆட்டக்காரன் ஹெட்லி. வருஷா வருஷம் ஆடுவான், வருஷா வருஷம் தோற்பான். மறுநாள் கசாப்புக்கடை பெர்ரி அவன் பொட்டலத்தில் ஒரு துண்டு கூடுதலாக வைத்து, "அடுத்த வருஷம் விட்டுடக் கூடாதுடா" என்பார். "சரிங்க" என்பான் ஹெட்லி. அவனுடைய வியாதியே அதுதான். யார் எதைக் கேட்டாலும் அந்த வாயில் மாட்டேன் என்ற சொல் வராது. குரலே இல்லாத மனுஷன், கூப்பிட்டார்கள் என்று மாதாகோவில் பாட்டுக் குழுவில் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தான். முகம் தெரியாதவன் சவப்பெட்டிக்கும் தோள் கொடுத்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் அப்படிப்பட்ட நல்லவனோடு குடித்தனம் நடத்துகிறவளைக் கேட்டால்தான் தெரியும்.

அன்று காலையில் அவன் மனைவி மேவிஸ் அதைச் சொல்லியே விட்டாள். அவர்கள் மகள் ஜில் நியூசிலாந்தில் இருக்கிறாள். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். இவர்கள் பார்த்தது போட்டோவில்தான். இனி மகளோடேயே இருந்துவிடுவது என்று முடிவாகி, மார்ச்சில் விமானத்துக்கு டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. யார் கண் பட்டதோ, நாற்பத்து மூன்று வயதில் ஹெட்லி இறுதி ஆட்டத்துக்கு வந்து தொலைத்தான்.

"ஜெயிச்சா என்ன ஆகும்னு தெரியும்ல?" டீயை அவன் முன்னால் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்."

"வருஷம் பூரா சாம்பியன்னு ஊர் ஊரா இழுத்துட்டுப் போவாங்க. அடுத்த பிப்ரவரி திரும்ப ஆடச் சொல்லுவாங்க. நீ மாட்டேன்னு சொல்லப் போறியா?"

அவன் முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்ல மாட்ட. அப்ப தோத்துட்டு வா" என்றாள் மேவிஸ். "எப்படின்னாலும் மார்ச்ல நான் ஏறிடுவேன். பக்கத்து சீட்ல நீ இருக்கியா, என் கைப்பை இருக்கான்னு நீயே பாத்துக்க."

தோற்பது அவனுக்குப் பழகின வேலைதானே. அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனான். ஆனால் பதினாலு வயதிலிருந்து பந்தைக் குழியில் போட மட்டுமே கற்றுக்கொண்ட கை, இன்றைக்குப் போடாதே என்றால் கேட்குமா? கேட்கவில்லை. எதிரே ஆடிய டப்ளின் பையன் ஃபின்டனோ டிவி விளக்கைப் பார்த்து வெலவெலத்துப் போய் வரிசையாகக் கோட்டைவிட்டான். ஆளுக்குச் சரிபாதி ஜெயித்து வந்த கடைசி ஆட்டத்தில் எப்படியோ அவன் ஐந்து புள்ளி முன்னால் போனதும் ஹெட்லிக்கு உயிர் வந்தது. அந்த நேரத்தில்தான் ஆறு புள்ளி பெறும் இந்த ரோஸ் பந்து விழுந்து கழுத்தறுத்தது. இப்போது ஹெட்லி ஒரு புள்ளி முன்னால் இருந்தான்.

கறுப்பு குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அதற்கு நேர் பின்னால், குச்சியால் அடிக்கிற வெள்ளைப் பந்து. கண்ணைக் கட்டிவிட்டாலும் போட்டுவிடலாம். இதை விட்டால் சூதாட்டக்காரனிடம் கை நீட்டிவிட்டான் என்று ஊர் காறித் துப்பும். மேசையைச் சுற்றி வந்தான். ஆள் ஆடும்போது யாரும் எழுந்து போகக் கூடாது என்று கதவுகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் மேவிஸ் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு அவனையே பார்த்திருந்தாள்.

குனிந்து தாடையைக் குச்சியின்மேல் வைத்தபோதுதான் அவனுக்கு அது தோன்றியது. இந்த ஆட்டத்தில் தான் செய்த தவறைத் தானே சொல்லிவிட வேண்டும். சொன்னவனை யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள். கறுப்பு மட்டும் பாக்கி இருக்கும்போது தவறு செய்தால் எதிராளிக்கு ஏழு புள்ளி, அத்தோடு ஆட்டம் முடிந்தது.

அவன் நிமிர்ந்தான். "தொட்டுட்டேன்" என்றான்.

நடுவர் பக்கத்தில் வந்தார். "என்ன சொன்னீங்க?"

"அடிக்கிறதுக்கு முன்னாடியே குச்சி நுனி வெள்ளைமேல பட்டுடுச்சு. ஃபவுல்."

படவில்லை. ஒரு நூல் இடைவெளி இருந்தது, அவனுக்குத் தெரியும். நடுவர் அவன் முகத்தையே பார்த்தார்.

"அண்ணே, நான் ஒண்ணும் பாக்கலியே" என்றான் ஃபின்டன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"எனக்குத் தெரியும்ப்பா. நீ ஜெயிச்சுட்ட."

அப்பாடா என்று இருந்தது ஹெட்லிக்கு. சட்டைக் காலரை யாரோ தளர்த்திவிட்ட மாதிரி மூச்சு உள்ளே போனது. விமானம், ஜன்னல், தவழ்ந்து வருகிற குழந்தை, எல்லாம் கண்முன் வந்தது. ஊர் வாய்க்கு வந்தபடி திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தான்.

முதலில் பெர்ரி கைதட்டினார். பிறகு அவர் வரிசை எழுந்தது, பிறகு மாடியில் இருந்தவர்கள், பிறகு அரங்கமே எழுந்து நின்றது. கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிப் போடுகிற பெர்ரி கர்ச்சீப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். டிவிக்காரர்கள் மெதுவாகப் போட்டுப் பார்த்தார்களாம், ஒன்றும் தெரியவில்லையாம். கேமரா கண்ணுக்கே தெரியாததைச் சொன்ன மனுஷன் என்று அதற்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

போட்டிக் குழுத் தலைவர் ஆக்டன் மைக்கைப் பிடித்தார். வயதானவர், குரல் நடுங்கியது. "இந்தக் கோப்பைய வாங்கினவங்க பேர் பாதி எனக்கே ஞாபகம் இல்ல. ஆனா இன்னிக்கு நடந்தத இந்த ஊர் மறக்காது. ஹெட்லி, இனிமே வருஷா வருஷம் ஜெயிச்சவன் கையில இதை நீதான் எடுத்துக் குடுக்கணும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய்ப் பிள்ளைங்ககிட்ட நீ பேசணும். அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம். என்னப்பா, இருப்பல்ல?"

ஹெட்லி மேவிஸைப் பார்த்தான். இப்போதுதான் ஊரறிய இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்ன வாய். அதற்கு முன்னால் மாட்டேன் என்பது எம்மாத்திரம்? அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. பெர்ரி ஈரக் கண்ணோடு தலையை ஆட்டி ஆட்டி அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருக்கேங்க" என்றான் ஹெட்லி.

கதவுகளைத் திறந்துவிட்டார்கள். மேவிஸ் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாக, கழுத்துப் பொத்தான் வரைக்கும் நிதானமாக மாட்டினாள். அவள் எழுந்த இருக்கையின் பலகை தானாக மேலே மடங்கிக்கொண்டது. போட்டோவுக்காக ஆக்டன் பூச்சாடிக் கோப்பையைத் தூக்கி ஹெட்லியிடம் கொடுத்தார். நல்ல கனம். நடைபாதையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகிறவளைப் பார்த்துக் கையசைக்கலாம் என்றால், இரண்டு கையிலும் கோப்பை இருந்தது.