சிங்கமா, நண்டா?

தையல்கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுத வந்த ஓவியர் ஏணியைச் சாத்திவிட்டு, "என்ன படம் போடணும்? சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

"சிங்கம்" என்றாள் பெரியவள். "நண்டு" என்றாள் சின்னவள்.

கடைக்காரிகள் இரட்டையர். பிறந்தநாள் ஜூலை இருபத்திமூன்று. பெரியவள் வாங்கும் பத்திரிகையில் அந்தத் தேதி சிம்ம ராசி. சின்னவள் வாங்குவதில் கடகம். சிறுவயதிலிருந்தே பெரியவள் சிங்கமாகத்தான் வளைய வந்தாள். "நீ நண்டுடி, ஓரமாப் போ" என்பாள். சின்னவளும் ஓரமாக உட்கார்ந்து பொத்தான் ஓட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். இன்றைக்குத்தான் முதன்முறையாக எதிர்த்து நின்றாள்.

சின்னவளின் கணவன் கோளரங்கத்தில் வருகிறவர்களுக்கு வானத்தை விளக்குபவன். சாப்பிட வந்தவனைப் பெரியவள் வாசலிலேயே மடக்கினாள்.

"மாப்ள, எந்தப் பத்திரிகை புளுகுது?"

"ரெண்டும் இல்லக்கா. சூரியன் அடுத்த ராசிக்குள்ள நுழையிற நேரம் வருஷா வருஷம் ஆறு மணி நேரம் போல தள்ளிப்போகும். லீப் வருஷம் வந்தா திரும்பப் பழைய நேரத்துக்கிட்டயே வந்துடும். நாட்டுக்கு நாடு கடிகாரமும் வேற. பத்திரிகைக்காரங்க குத்துமதிப்பா ஒரு தேதியப் போட்டுடுறாங்க." அவன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தான். "நீங்க பிறந்த அன்னிக்கு மத்தியானம்தான் சிம்மம் தொடங்கியிருக்கு."

மூலையில் பொத்தான் பிரித்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். "பெரியவ காலையிலயே வந்துட்டா. சின்னவ என்னைப் படாதபாடு படுத்திட்டு, பொழுது சாயத்தான் வந்தா."

"அப்போ இவங்கதான் சிங்கமா!" என்றார் ஓவியர், சின்னவளைக் காட்டி.

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நம்ம பஞ்சாங்கம் மாதிரி, வானத்துல சூரியனுக்குப் பின்னால இருக்குற நட்சத்திரக் கூட்டத்தை வெச்சுக் கணக்குப் போடுறவங்களுக்குத் தேதியெல்லாம் மூணு வாரத்துக்கு மேல தள்ளிப்போகும். அந்தக் கணக்குல ரெண்டு பேருமே கடகம்தான்" என்று சமாதானம் சொன்னான் கணவன்.

"அந்தக் கணக்கை நாளைக்கு வெச்சுக்கலாம்" என்று சின்னவள் இடுப்பில் கைவைத்தாள். "இன்னிக்கு நான் சிங்கம். நான் சொல்றதுதான் சட்டம். அண்ணே, நண்டையே போடுங்க. கொடுக்கு ரெண்டும் கத்தரிக்கோல் மாதிரி இருக்கணும். தையல்கடைக்கு வேற எது பொருந்தும்?"

பெரியவள் ஒரு கணம் அவளை முறைத்தாள். பிறகு குபீரென்று சிரித்தாள். "போடுங்கண்ணே! சிங்கம் சொல்லிட்டா அப்பீல் ஏது?" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்க, ஏணியும் சேர்ந்து குலுங்கியது.

"அம்மா தாயே, மெதுவாச் சிரிங்க! விழுந்துடப் போறேன்" என்று மேலிருந்து அலறினார் ஓவியர்.