மூன்றாவது டக்

அண்ணன் என் கையில் ஸ்பேனரைத் திணித்து, "நீ இறுக்கு. அது போதும். வேற எதுவும் யோசிக்காத" என்றான். யோசிக்காதே என்று யாராவது சொன்னால் எனக்கு அப்போதுதான் மூளை முழு வேகத்தில் ஓடும். பிறவிக் கோளாறு.

கார் லிஃப்டில் தலைக்கு மேலே நின்றது. ஜாக்கில் ஏற்றிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அண்ணன் இன்ஜினுக்கு நேராகத் தள்ளி நிறுத்தியிருந்தான். இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி. போல்ட்டைப் போட்டு இறுக்கினால் அது மூடிவிடும் என்பது அவன் கணக்கு. மூடத்தான் செய்யும். உள்ளே ஏதாவது உடைந்த பிறகு மூடும்.

விஷயம் இதுதான். கியர்பாக்ஸின் வாயில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை உட்காரும். டார்க் கன்வர்ட்டர் என்று பெயர். இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதைக் கையால் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு பல்லிலும் மாட்டும்போது 'டக்' என்று உள்ளே விழும். மொத்தம் மூன்று டக். கடைசி டக்கில்தான் எண்ணெய் பம்ப்போடு சேரும். அது விழாமல் போல்ட்டை இறுக்கினால் பம்ப் நொறுங்கிவிடும். இரண்டு டக்கோடு திருப்திப்பட்டுக்கொள்கிற ஆட்கள் உலகத்தில் நிறைய உண்டு. அவர்களில் ஒருவன் என் கூடப் பிறந்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு டாக்ஸிக்காரரின் வண்டியில் இதையேதான் செய்தான். கன்வர்ட்டரை நான் மூன்று டக்கும் கேட்டு உட்கார வைத்துவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனேன். அவன் கியர்பாக்ஸின் முன்பக்கம் கீழே சாயும்படி தூக்கியிருக்கிறான். கன்வர்ட்டர் நழுவி வெளியே வந்திருக்கிறது. இவன் போல்ட்டால் இழுத்து மூடிவிட்டான். இன்ஜினைக் கிளப்பியதும் தகரத்தை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். டாக்ஸிக்காரர் கத்தியபோது, "தங்கச்சி மாட்டினது சார்" என்று நாலு பேர் முன்னால் பட்டென்று சொல்லிவிட்டான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "நான்னு சொன்னா கடை பேரு போயிடும். நீ கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று கெஞ்சினான். நானும் பொறுத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாம், "அந்தப் பொண்ணு கியர்பாக்ஸ்ல கை வைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்கள். பதினோரு வருட வேலை. என்னை டயர் கழற்ற அனுப்பிவிட்டான்.

இப்போது இடைவெளிக்குள் விரலை விட்டுக் கன்வர்ட்டரைச் சுழற்றிப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்திருந்தால் லேசாகச் சுற்ற வேண்டும். அசையவில்லை.

"இறக்குண்ணா. இது முழுசா உட்காரல."

"போல்ட் இழுக்க இழுக்கத் தானா உட்காரும். இறுக்குடி."

எட்டு போல்ட்டையும் அள்ளிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"குடு இங்க!"

"மாட்டேன்."

"கடை யாரோடது?"

"உன்னோடதுதான். உடையப்போற பம்ப்பும் உன்னோடதுதான். ஆனா திட்டு மட்டும் எனக்கு வரும். அந்தக் கதை இனிமே நடக்காது."

சத்தம் கேட்டு, வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காரின் சொந்தக்காரர் எழுந்து வந்தார். பல் டாக்டர்.

"ஒண்ணும் இல்ல டாக்டர், அஞ்சு நிமிஷம்" என்று அண்ணன் முகம் முழுக்கச் சிரித்தான்.

"ஒரு மணி நேரம் ஆகும் டாக்டர். உள்ள ஒரு பாகம் சரியா உட்காரல" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் பல்லுக்கு மேல கேப் மாட்டும்போது அது உட்காரலன்னா, சுத்தியலால அடிக்க மாட்டேன்மா. எடுத்துட்டுத்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஜாக்கைத் தடாலென்று இறக்கினான். நான் கியர்பாக்ஸின் வாயில் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, கன்வர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்தேன். பதினோரு மில்லிமீட்டர். இருக்க வேண்டியது இருபத்திரண்டு.

கன்வர்ட்டரைச் சற்று வெளியே இழுத்தேன். இரண்டு கைகளாலும் ஏந்திச் சுற்றினேன். டக். இன்னும் சுற்றினேன். டக். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சுற்றுகிறேன், சுற்றுகிறேன், வழுக்கிக்கொண்டே போகிறது. அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"என்னாச்சு? விழலையா?"

விழாவிட்டால் இந்த ஆயுள் முழுக்க டயர்தான், தெரியும். ஆனாலும் "வாயை மூடு, காது கேக்கணும்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, எடையைக் கையில் தாங்கியபடி, மிக மெதுவாகத் திருப்பினேன். உள்ளே பம்ப்பின் வெட்டு எங்கே இருக்கிறது என்று விரல்கள் தேடின. அரைச் சுற்று, இன்னும் கொஞ்சம். டக்.

ஸ்கேலை வைத்தேன். இருபத்திரண்டு. அவனையும் குனிந்து பார்க்க வைத்தேன்.

கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றும்போது அதன் முன்பக்கம் சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன். இந்த முறை இடைவெளியே இல்லாமல் இன்ஜினோடு போய்ச் சேர்ந்தது. எட்டு போல்ட்டும் விரலாலேயே ஏறின. உள்ளே கன்வர்ட்டர் ஒரு விரல் தள்ளலுக்கே லேசாகச் சுற்றியது.

மிச்சம் நான்கு சிறிய போல்ட்டுகள். இன்ஜினின் பின்னால் இருக்கும் தட்டோடு கன்வர்ட்டரைச் சேர்ப்பவை. அவை இல்லாவிட்டால் இன்ஜின் ஓடும், வண்டி ஓர் அடி நகராது. நான்கையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"டாக்ஸிக்காரருக்கு போன் போடு."

"எதுக்கு?"

"அன்னிக்கு யாரு இறுக்கினதுன்னு சொல்லு. ஸ்பீக்கர்ல."

"பைத்தியமா உனக்கு? டாக்டர் உட்கார்ந்திருக்கார்."

"அன்னிக்கும் ஆளுங்க முன்னாடிதானே சொன்ன?"

அண்ணன் என்னை முறைத்தான், கடிகாரத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். நான் நகரவில்லை. கடைசியில் போனை எடுத்தான்.

"சொல்லுப்பா" என்றது டாக்ஸிக்காரரின் குரல்.

"அன்னிக்கு உங்க வண்டியில பம்ப் உடைஞ்சுது இல்ல... தங்கச்சி மேல தப்பு இல்ல. போல்ட்டை இறுக்கினது நான்."

"இதை என்கிட்ட எதுக்குப்பா சொல்ற? ரெண்டு மாசமா யாரு தலையில கட்டினியோ, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு." போனை வைத்துவிட்டார்.

"கேட்டுதுல்ல?" என்றான் அண்ணன், தரையைப் பார்த்து.

"அவர்கிட்ட சொன்னது கேட்டுது. என்கிட்ட நீ இன்னும் ஒண்ணும் சொல்லல."

அந்த நேரம் பார்த்துக் காற்றுக் கம்ப்ரஸர் உறும ஆரம்பித்தது. அவன் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"அதை நிறுத்திட்டுச் சொல்லு!" என்று கத்தினேன்.

போய் நிறுத்தினான். கொட்டகை முழுக்க அமைதியாகிவிட்டது. டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அண்ணன் என் எதிரே வந்து நின்றான்.

"நான்தான் உடைச்சேன். உன் மேல போட்டுட்டேன். தப்பு என்னோடது" என்றான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அவனுக்குக் காட்டுவேனா? காரின் அடியில் போய் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு முதல் போல்ட்டை ஏற்றினேன்.

"நாளைக்கு ஒரு கியர்பாக்ஸ் வருதில்ல, அதை நீ தொடாத" என்று அங்கிருந்தே சொன்னேன்.