ஓட்டை போடாத எட்டுப் பீப்பாய்

மத்தியானம் ஆலைக் குடோனுக்குள் நுழைந்த பவுலுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. மேற்குச் சுவரோரம் எட்டு நீலப் பீப்பாய்கள் நின்றன. ஒன்றைத் தொட்டான். விரல் பிசுபிசுத்தது. கிளிசரின் வந்த காலிப் பீப்பாய்கள்.

காலையில் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டது இவற்றுக்குத்தான். அப்படியானால் லாரியில் போனது?

கிழக்குச் சுவரோரம் வெறுந்தரை. பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து வந்த எட்டுக் காலிப் பீப்பாய்கள், இன்னும் ஓட்டை போடாமல், காலையில் அங்கே இருந்தன. அதே நீலம், அதே உயரம். மருந்துப் பீப்பாய் காலியானால் கடப்பாரையால் அடியில் ஓட்டை போட்டு, நசுக்கி, ஆலைக்குள்ளேயே சிமெண்டுக் குழியில் போட்டு மூட வேண்டும். முழுசாக ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் பவுலின் வேலை. காலையில் வெயிலுக்குச் சோம்பி, வாசலில் நின்றபடியே, "அந்த நீலம் எட்டையும் ஏத்துங்கலே" என்று கை காட்டியிருந்தான்.

இரும்புக் கடையில் செல்லப்பாண்டி அண்ணாச்சி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, காலையில எடுத்த பீப்பா எங்கன?"

"அது அப்பமே போயிட்டே. நாளைக்குக் கீழவைப்பாருல கோயில் அசனம்லா? ஊரே உக்காந்து சாப்பிடும். தண்ணி நெறச்சு வைக்க வாங்கிட்டுப் போனாவ. ஒங்க ஆலையில ஓட்டை இல்லாத பீப்பா கெடைக்கதே அதிசயம்லா தம்பி!"

பவுல் விஷயத்தைச் சொன்னான். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "ஏறு தம்பி" என்று லாரிச் சாவியை எடுத்தார்.

வழி நெடுக உப்பளம்.

கோயில் பந்தலில் ஏழு பீப்பாய்கள் வரிசையாக, விளிம்பு தட்டத் தண்ணீர். தண்ணீர்ப் பொறுப்பு பிளாரன்ஸ் அக்காவுக்கு. கையில் செம்போடு நின்றாள்.

"யக்கா, மோக்காதீய! அது விஷ மருந்து வந்த பீப்பா!"

"போலே, பயமுறுத்த வந்துட்டான். புளியும் மண்ணும் போட்டு மூணு தடவ தேச்சிருக்கோம். மோந்து பாரு, ஒரு வாடை உண்டா?"

"வாடை போவும்க்கா. மருந்து போவாது."

அவன் முகத்தைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தாள்.

"எட்டாவது எங்கக்கா?"

"வெங்காயம் உரிக்க வந்தவளுவளுக்குக் கஞ்சி காய்ச்ச..."

ஓடினான். அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி ஆவி பறந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகள் காலி. சமையல்காரர் மரியான் முதல் கரண்டியை மொண்டிருந்தார். பவுல் அந்தக் கையைப் பிடித்தான்.

"யாராச்சும் குடிச்சீயளா?"

"இன்னும் ஊத்தவே இல்லயே. என்னலே?"

பவுல் மூச்சு விட்டான். பிறகுதான் அவர் மீசையைப் பார்த்தான். ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

"அண்ணாச்சி... உப்புப் பார்த்தீயளா?"

"பார்க்காம எப்பிடிலே ஊத்துவேன்? ஒரு வாய்தான்."

லாரியில் கிடந்த கடப்பாரையை எடுத்து, காவலுக்குப் பிளாரன்ஸிடம் கொடுத்தான். "தண்ணியையும் கஞ்சியையும் யாரும் தொடாதீய, தரையிலயும் கொட்டாதீய. ஆலையிலருந்து ஆள் கூட்டிட்டு வந்து நானே அள்ளுதேன்." அவள் பீப்பாய்களுக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தாள். "ஒருத்தன் கிட்ட வரட்டும், பாக்கேன்."

லாரியில் மரியானை நடுவில் உட்காரவைத்தார்கள். தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம்.

"ஒரு வாய்க்கு இம்புட்டு ஆட்டமா? மாப்பிள்ள ஊர்வலம் மாதிரில்லா இருக்கு" என்றார் மரியான்.

பவுல் அவர் மணிக்கட்டை விடவில்லை. தூத்துக்குடிச் சாலைக்குத் திரும்பியதும் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் கையா, தன் கையா என்று பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.